அரை டிக்கட்

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆவடி நிலையத்தில் சீட்டு வாங்குவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நான் குடியிருக்கும் கோவில்பதாகை ஆவடியை அடுத்துள்ளது. பதாகை என்றால் கொடி. கோயிற்கொடியைப் பெயரிலே தாங்கிய அவ்வூரில் கோயில் உண்டு, ஏரி உண்டு. இரயில் நிலையம் மட்டும் இல்லை. ஆகவே எத்திசை செல்வதாயினும் எங்கள் பயணம் ஆவடியில்தான் தொடங்கும்.

எனக்கு முன்னால் ஓர் இளந்தாய் நின்றாள். அவள் விரலைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். "வில்லிவாக்கம், பெரியவர் ஒன்று, குழந்தை ஒன்று" என்றாள் தாய். பத்து ரூபாய் என்றார் சீட்டுக் கொடுப்பவர். "எனக்கு ஐந்து ரூபாய் என்றால் இவளுக்குப் பாதிதானே?" என்று அவள் கேட்டாள். "பாதிதான் அம்மா, ஆனால் ஐந்து ரூபாய்க்குக் கீழே சீட்டுக் கிடையாதே" என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பி, "போன வாரம் வரை இவளுக்குச் சீட்டே இல்லை, ஐயா. ஐந்து வயது முடிந்ததும் ஒரே நாளில் முழு ஆளாகிவிட்டாள்!" என்று சிரித்தாள்.

அவள் சிரித்துவிட்டுச் சொன்ன சொல் என்னை விடவில்லை. ஒரு பிள்ளை எந்த நாளில் பயணி ஆகிறது? எந்த நாளில் அரைப் பயணி முழுப் பயணி ஆகிறது? அந்த நாள்களைக் குறித்தவர் யார்? வரலாறு என்றால் போரும் முடிசூட்டும் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இரயில் நிலையத்துச் சீட்டுச் சாளரத்திலும் வரலாறு உட்கார்ந்திருக்கிறது. இன்று அதைப்பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

'அரை டிக்கட்' என்னும் சொல்லை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். வயதுக்கு மீறிப் பேசும் சிறுவனைப் பார்த்து, "இந்த அரை டிக்கட்டுக்கு எவ்வளவு வாய்!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். இந்தியில் 1962ஆம் ஆண்டு கிஷோர் குமார் நடித்து 'ஹாஃப் டிக்கட்' என்றே ஒரு திரைப்படம் வெளிவந்தது. வளர்ந்த ஆள் ஒருவன் அரைக் கட்டணத்தில் பயணம் செய்வதற்காகச் சிறுவன் வேடம் பூணுவது அதன் கதை. இரயில்வேயின் கணக்குச் சொல் ஒன்று வீட்டுச் சொல்லாகி, பிள்ளைக்கே பெயராயிற்று. பழந்தமிழ்க் கணக்கில் கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்கள் பல இருந்தன; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அத்தனை நுண்மையான அளவைகளைக் கையாண்ட நாட்டில், பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது அரை ஒன்றுதான். அதுவும் நம்முடைய அரை அன்று. கடல் கடந்து வந்தது.

சென்னையிலிருந்து முதல் பொதுப் பயணிகள் வண்டி புறப்பட்டது 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள். மதராஸ் இரயில்வே கம்பெனி 1853 ஜூனில் இராயபுரத்தில் வேலையைத் தொடங்கி, ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை அறுபது மைலுக்கு மேல் பாதை அமைத்திருந்தது. அப்பொழுது கவர்னராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. அந்தப் பாதை எங்கள் ஆவடி வழியாகவே சென்றது. இராயபுரத்து நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சென்னையில் வாழும் மாணவர்கள் ஒருமுறை சென்று பார்த்துவர வேண்டும். கம்பெனியின் பங்குதாரர் இங்கிலாந்தில் இருந்தனர். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுடைய முதலுக்கு ஆண்டுதோறும் வட்டி உண்டு என்று கிழக்கிந்தியக் கம்பெனி உறுதி அளித்திருந்தது. பொறியாளரும் இயந்திரமும் வந்த கப்பலிலேயே விதிகளும் வந்தன. அவற்றுள் ஒன்றுதான் பிள்ளைகளின் வயதுக் கோடு.

அந்தக் கோட்டின் பிறப்பைக் காண இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். 1841 டிசம்பர் 24ஆம் நாள் விடியுமுன், கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயின் வண்டி ஒன்று இலண்டனிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. சோனிங் என்னும் இடத்தில் பாதை ஆழமாக வெட்டப்பட்ட பள்ளத்தினூடே செல்கிறது. மழையால் கரை சரிந்து பாதையில் மண் குவிந்திருந்தது. வண்டி அதில் மோதிற்று. மூன்றாம் வகுப்பினர் அமர்ந்திருந்தவை கூரையில்லாத தாழ்ந்த பெட்டிகள். சரக்கு வண்டிகளைவிடச் சிறிதே மேலானவை. அவற்றிலிருந்து தூக்கி எறியப்பட்டு ஒன்பது பேர் மாண்டனர். கிறிஸ்துமஸ் திருநாளுக்கு ஊர் திரும்பிய கட்டட வேலைக்காரர்கள் அவர்கள். ஏழைகள் எவ்வாறு ஏற்றிச் செல்லப்படுகின்றனர் என்று நாடே கேட்கத் தொடங்கியது.

மூன்று ஆண்டுகள் கழிந்து, 1844இல், அந்நாட்டின் வாணிகத் துறைக்குத் தலைவராயிருந்த கிளாட்ஸ்டன் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். பிற்காலத்தில் நான்குமுறை பிரதமராக விளங்கிய கிளாட்ஸ்டன் இவரே. பயணிகளை ஏற்றிச் செல்லும் புதிய பாதைகளில் நாள்தோறும் ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லவேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறையாத வேகம் வேண்டும். இருக்கையும், மழைக்கும் காற்றுக்கும் காப்பும் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது. ஐம்பத்தாறு பவுண்டு சுமையைக் கூலியின்றி ஏற்றவேண்டும். இவற்றோடு ஒரு வரி. பயணியுடன் வரும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாதி.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அச்சட்டம் செல்வர் ஏறும் பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை. ஏழைகளின் வண்டிக்கு மட்டுமே அந்த விதியை வகுத்தது. வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளி மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்லக் கூடவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது என்று கொள்ளலாம். அரை டிக்கட் சலுகையாகப் பிறக்கவில்லை. அரசு கம்பெனிகளின் மேல் சுமத்திய கடமையாகப் பிறந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு; பின்னால் வரும்.

மூன்று, பன்னிரண்டு என்னும் அதே இரண்டு எண்களை நம் நாட்டு இரயில்வேக்களின் விதிகளிலும் காண்கிறோம். கோடு போட்டவர் யார் என்று ஐயுற இடமில்லை.

இனி, சீட்டைப் பற்றி. உங்களில் பலர் பழைய அட்டைச் சீட்டைக் கண்டிருக்கமாட்டீர்கள். விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த கெட்டி அட்டை. ஒவ்வொன்றிலும் வரிசை எண். தேதி அச்சிடும் பொறியில் செருகினால் 'டக்' என்று ஓர் ஓசை. 1830களில் இங்கிலாந்தின் வடபகுதியில் நிலைய அலுவலராயிருந்த தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் கண்டுபிடித்த முறை அது. அதற்குமுன் ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதினர். எத்தனை விற்றன என்பது விற்றவரின் மனச்சான்றைப் பொறுத்தது. எட்மண்ட்சனின் எண்கள் அந்த ஐயத்தைத் தீர்த்தன. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? முழுச் சீட்டின் ஒரு மூலையைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. கத்தரித்த துண்டு கணக்குக்காக நிலையத்திலே தங்கும். மூலை போன அட்டை பிள்ளையின் கைக்கு வரும்.

அந்த மூலை போன அட்டையை நான் எத்தனை முறை கையில் வைத்திருந்தேன்! என் பாட்டி வீடு அரக்கோணத்தில் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை, கோடை விடுமுறையிலும் பொங்கலிலும், அம்மா எங்களை அழைத்துச் செல்வார். இந்தப் பாதையில் அன்று மின்வண்டி இல்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர் வரை மின்மயமானது 1979இல்தான். கரித்தூள் கண்ணில் விழும் என்று தெரிந்தும் சாளரத்தோரம் அமர்வதற்கு எனக்கும் அக்காளுக்கும் போட்டி நடக்கும்.

அப்பாவுக்குச் சென்னையில் ஒரு மண்டியில் கணக்கெழுதும் வேலை. பயணத்துக்கு முந்திய இரவு அவர் சீட்டுக் கணக்குப் போடுவார். 1963இல் அந்தக் கணக்கு எளிதாயிருந்தது. அம்மாவுக்கு ஒன்று, அக்காளுக்கு அரை, எனக்கு அரை, தம்பிக்கு மூன்று வயது நிறையவில்லை, ஆகவே ஒன்றுமில்லை. ஆக இரண்டு. மறு ஆண்டு அக்காளுக்குப் பன்னிரண்டு நிறைந்தது. தம்பிக்கு மூன்று நிறைந்தது. அம்மாவுக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று, எனக்கு அரை, தம்பிக்கு அரை. ஆக மூன்று. வீட்டில் ஆள் ஒருவரும் கூடவில்லை. சீட்டு மட்டும் ஒன்று கூடிவிட்டது. அப்பா அந்தக் கணக்கை இருமுறை போட்டுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு, "பெரியவள் இங்கேயே இருக்கட்டும். எனக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டாமா?" என்றார்.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஊர் விட்டு ஊர் அனுப்பத் தயங்கிய காலம் அது. சமையலும் ஒரு காரணந்தான். எல்லாவற்றையும் இரயில்வேயின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆயினும் அந்தக் கோடு பதினான்கில் இருந்திருந்தால் அவள் இன்னும் இரண்டு ஆண்டுகள் சாளரத்தோரம் அமர்ந்திருப்பாள் என்பதும் உண்மை. சில ஆண்டுகளுக்குப் பின் எனக்குப் பன்னிரண்டு நிறைந்தபோது மூலை போகாத முழு அட்டையைக் கையில் வாங்கி நான் பெருமிதம் கொண்டேன். என்னை யாரும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

பன்னிரண்டு என்னும் எண்ணைச் சற்று ஆராய்வோம். நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையில் வைத்து வேலை வாங்கலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் அது கூறிற்று. பன்னிரண்டு கடந்தவன் அச்சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளை அல்லன். கப்பற் பயணத்துக்கான 1855ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்திலும் ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருவர் சேர்ந்தே ஓர் ஆளாக எண்ணப்பட்டனர். இச்சட்டங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை என்று நான் கூறவில்லை. ஆனால் அவை ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள். கூலி ஈட்டத் தொடங்கும் வயதில் கட்டணமும் முழுதாகலாம் என்பது அந்நூற்றாண்டுக்கு இயல்பாகத் தோன்றியது.

பிறகு நடந்தது என்ன? ஆலையின் கோட்டை நாம் நகர்த்தினோம். 1891இலேயே அது பதினான்காயிற்று. விடுதலை பெற்றபின் நம் அரசியலமைப்பு பதினான்கு வயதுக்குட்பட்டவரை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்தலாகாது என்று விதித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளைகளையே கருதிற்று. இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சட்டப்படி பள்ளியில் இருக்கவேண்டியவன். உழைத்துச் சம்பாதிக்கக் கூடாதவன். ஆனால் இரயில் வண்டியில் ஏறினால் முழு ஆள்! கிளாட்ஸ்டன் காலத்துப் பன்னிரண்டு அப்படியே நிற்கிறது.

கீழ்க் கோடு மட்டும் நகர்ந்தது. இரயிலில் இலவச வயது மூன்றிலிருந்து ஐந்தாயிற்று. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் மூன்று வயதுக் கோடு 2022 வரை நீடித்தது. அவ்வாண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்து அதையும் ஐந்தாக்கினார்கள். நூற்றெழுபத்தெட்டு ஆண்டு வாழ்ந்த கோடு! வயதைக் கேட்டால் தாய்மார் குறைத்துச் சொல்வர் என்று அஞ்சியவர்கள் உயரத்தை அளந்ததும் உண்டு. பேருந்தின் வாயிலருகே வரைந்த கோட்டில் பிள்ளைகளை நிறுத்திப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நெட்டையாகப் பிறந்த பிள்ளைக்கு அது பெருந்துன்பம். ஜப்பானில் பள்ளியில் சேரும் ஆறு வயதைக் கோடாக வைத்து, அதற்குக் கீழ் இலவசமும் தொடக்கப்பள்ளி முடியும் வரை பாதியும் என்று வகுத்திருக்கின்றனர். பள்ளியைப் பார்த்துக் கோடு போடும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நெடுந்தொலைவு வண்டிகளில் பாதி என்பதே வேறு பொருள் பெற்றது. 2016 ஏப்ரல் 21ஆம் நாள் முதல், ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமாயின் முழுக் கட்டணம். பாதி கொடுத்தால் பெற்றோரின் படுக்கையிலேயே ஒண்டிக்கொள்ளவேண்டும். இந்த மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் இரயில்வேக்கு ரூ. 2,800 கோடிக்கு மேல் கூடுதல் வருவாய் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2023இல் தெரியவந்தது. படுக்கை ஒன்று முழுதாக அடைபடுகிறதே, அதற்குப் பாதி வாங்கினால் எப்படி என்பது அதிகாரிகளின் வாதம். கணக்குப்படி சரியே. ஆனால் இருக்கையை அளந்து விலை சொல்வது வாணிகம். வருபவரின் நிலையை அளந்து விலை சொல்வதற்காகவே 1844ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. கடமை என்று நான் முன்னர் அழுத்திச் சொன்னது இதற்காகவே.

இனிப் பருவச் சீட்டு. சீசன் டிக்கட் என்று நாம் வழங்கும் இதற்கு அப்பெயர் வந்தது எப்படி? இங்கிலாந்தில் காண்டர்பரி நகரையும் விட்ஸ்டபிள் கடற்கரையையும் இணைத்த சிறு இரயில்வே 1834இல் கோடைப் பருவம் முழுவதும் கடற்கரைக்குச் சென்றுவர ஒரே சீட்டு விற்றது. கடற்காற்று வாங்கச் சென்றவர்களின் சீட்டு, பிற்காலத்தில் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் ஓடுவோரின் சீட்டாகிவிட்டது. சென்னைப் புறநகர் வண்டிகளில் மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ பதினைந்து ஒருவழிப் பயணங்களின் கட்டணம். 2014 ஜூனில் இதை முப்பதாக்க முயன்று, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே கைவிட்டனர். ஆகவே மாதத்தில் எட்டு நாள் போய்வருபவருக்கே மாதச் சீட்டு இலாபம் தரும். மூன்று மாதச் சீட்டு வாங்கினால் மாதச் சீட்டைப்போல் 2.7 மடங்குதான் விலை.

இந்தக் கணக்கைத்தான் அன்று ஆவடியில் அந்த இளந்தாய்க்குச் சொன்னேன். அவள் பணி வில்லிவாக்கத்தில். அங்கேயே தன் தாய் வீட்டருகில் உள்ள பள்ளியில் மகளை முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். நாள்தோறும் இருவரும் போய்வரவேண்டும். "எனக்கு மாதச் சீட்டு வாங்கிவிடுவேன், ஐயா. இவளுக்கும் வாங்குவதா, அன்றன்று சீட்டு எடுப்பதா என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

"இரண்டும் வேண்டாம், அம்மா" என்றேன். "பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்று வாங்கிவந்து இங்கே கொடுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்றுவர மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம்."

அவள் நம்பவில்லை. எத்தனை வகுப்பு வரை என்று கேட்டாள். 2008ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அவ்வரம்பு நீட்டப்பட்டது: ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பெண்பிள்ளைகளுக்குப் பட்டம் பெறும் வரை. அதைச் சொன்னேன். "பட்டம் வரையா?" என்று அவள் மகளைக் குனிந்து பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் அக்காளின் நினைவு வந்தது. அவள் எட்டாம் வகுப்போடு நின்றாள்.

சான்று வாங்கும் வரை நாள்தோறும் ஐந்து ரூபாய் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சாளரத்தில் பத்து ரூபாயை நீட்டினாள். இக்காலத்தில் அட்டையும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. கணினியிலிருந்து மெல்லிய தாள் ஒன்று வந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே தாள். சிறுமி கையை நீட்டி, "என் டிக்கட் எங்கே?" என்றாள். தாய் தாளைத் தாழ்த்திக் காட்டி, பெரியவர் ஒன்று, சிறுவர் ஒன்று என்று அச்சிட்டிருந்த இடத்தில் இரண்டாவது எண்ணின்மேல் விரல் வைத்தாள். அதற்குள் வண்டி வரும் ஓசை கேட்டது. இருவரும் நடைமேடைக்கு ஓடினார்கள். தாள் சிறுமியின் கையில் இருந்தது.